எட்டு வரி, ஒரே மூச்சு

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இந்த முனை, இன்னொருத்தி அந்த முனை. இழுத்து உதறி, நடுவில் கூடி, முனையைக் கைமாற்றி, பின்னால் போய், மறுபடி கூட வேண்டும். ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் சரவெடியும் மடிப்பு அக்காவும் இருபத்தோரு வருஷமாக இப்படித்தான் ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்துகொண்டிருக்கிறார்கள். நடந்ததையெல்லாம் கூட்டினால் உலகத்தையே ஒரு சுற்று வந்திருக்கலாம் என்பாள் அக்கா. "ஆனா ஒரு ஊரையும் பாக்கல. உன் மூஞ்சியத்தான் பாத்தேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சரவெடி விரிப்பை உதறியபடியே வாய்க்குள் பாடிக்கொண்டு வந்தாள். நடுவில் கூடியபோது முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆறு," என்றாள் அக்கா.

"ஆறரை."

"ஆறுதான். அரைக்கெல்லாம் என்கிட்ட சில்லறை கிடையாது."

"ஏழாவது வரியில பாதி வந்துட்டேனே அக்கா!"

"வந்தியா? எனக்கு மூச்சு வாங்குற சத்தம்தான் கேட்டுச்சு. முனைய விடுடி, தரையில படுது."

சரவெடி என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. இருபது வருஷத்துக்கு முன், அவளுக்கு இருபத்தொன்று நடக்கும்போது, அவள் எழுதிப் பாடிய 'கதவு மூடுது' என்ற ராப் பாட்டு வெளிவந்தது. காலை நேரப் பேருந்து நெரிசலைப் பற்றிய பாட்டு. அதைக் கேட்ட நடத்துனர் ஒருவர், "இது பொண்ணா, சரவெடியா?" என்றாராம். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பழைய பெயர் இருக்கிறது.

அந்தப் பாட்டின் நடுவில் எட்டு வரி உண்டு. எட்டையும் ஒரே மூச்சில், நாக்கு தெரியாத வேகத்தில் பாட வேண்டும். கேட்கிறவர்களும் அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். எட்டாவது வரி முடிந்ததும் அரங்கமே ஒன்றாக மூச்சுவிடும். அந்தச் சத்தத்துக்காகவே டிக்கெட் எடுக்கிறவர்கள் இருந்தார்கள்.

நாலு வருஷமாக அவளால் அது முடியவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது, நேரமாகிவிட்டது என்று ஏதாவது காரணம் சொல்லி அந்தப் பாட்டைத் தவிர்த்து வந்தாள். போன வருஷம் ஒரு மேடையில் கூட்டம் விடவில்லை. பாடினாள். ஆறாவது வரியில் மூச்சு தீர்ந்தது. சட்டென்று மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். மீதியை அவர்களே கத்திப் பாடி முடித்து, சரவெடி நம்மையும் பாடவைத்தாள் என்று பூரித்துப் போனார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் மட்டும் திரும்பி வரும் வழியில் கேட்டார்.

"மைக்க நீட்டினியே, அது அன்பா, அவசரமா?"

"அவசரம்."

"ம். நல்லாதான் நீட்டின."

இப்போது 'கதவு மூடுது' வெளிவந்து இருபது வருஷம் ஆகிறது என்று நகர அரங்கத்தில் சனிக்கிழமை நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். கடைசிப் பாட்டு அதுதான் என்று அரங்க மேலாளர் சுவரொட்டியிலேயே போட்டுவிட்டார். சரவெடி மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். வியாழக்கிழமைக்குள் எட்டு வரியும் வராவிட்டால் மேலாளருக்குப் போன் செய்து அந்தப் பாட்டு இல்லை என்று சொல்லிவிடுவது. அதோடு மேடைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடுவது. அந்தப் பாட்டைப் பாட முடியாத சரவெடி ஈரப் பட்டாசு. ஈரப் பட்டாசை யார் மேடையில் வைத்துப் பார்ப்பார்கள்?

அவள் குரல் என்றைக்குமே ஒரே குரலாக இருந்ததில்லை. முதல் பாட்டில் இருந்தது தொண்டையின் உச்சியிலிருந்து மூக்கு வழியாகச் சீறும் குரல். ஐந்து வருஷம் அதை வைத்தே ஓட்டினாள். பிறகு மகள் பிறந்தாள். ஒன்றரை அறை வீடு. குழந்தை தூங்குவதே மத்தியானம் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் சரவெடி துணி அலமாரிக்குள் புகுந்து, கணவரின் சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்வாள். கத்தினால் குழந்தை எழுந்துவிடும். எனவே மைக்குக்கும் உதட்டுக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டு, ரகசியம் சொல்வதுபோல் அடிக்குரலில் பாடினாள். கேட்டவர்களில் பாதிப் பேர், "காதுக்குள்ள வந்து உக்காந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார்கள். மீதிப் பேர், "சரவெடி நமுத்துப் போச்சு" என்றார்கள். அந்தப் பாட்டுகளில் ஒன்றைக் கூர்ந்து கேட்டால் சட்டை மாட்டும் கம்பி ஒன்று 'டிங்' என்று இடிப்பது கேட்கும். அதை எடுத்துவிடலாமா என்று, பாட்டுகளைக் கலந்து கொடுக்கும் அவள் அண்ணன் கேட்டான். இருக்கட்டும், அதுவும் நம் வீட்டு ஆள்தானே என்று விட்டுவிட்டாள்.

முப்பது வயதில் துணி வண்டியின் கைப்பிடி முகத்தில் இடித்து முன்பல் பாதி உடைந்தது. 'ச' சொன்னால் காற்று விசிலடித்தது. பல் கட்ட ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும் 'ச' வராத வார்த்தைகளாகப் பொறுக்கிப் பாட்டு எழுதினாள். மேடையில் தன் பெயரைச் சொல்ல முடியாது. "நான்தான் வந்திருக்கேன்" என்று தொடங்குவாள். கூட்டம் அதையும் ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்ததில் வேகம் போய் நிதானம் வந்தது.

அதற்குப் பிறகு சலவைக்கூடத்தில் பெரிய உருளைத் தேய்ப்பு இயந்திரம் வந்தது. நாலு எண்ணுவதற்கு ஒருமுறை 'புஸ்ஸ்' என்று நீராவி விடும். அந்த நேரத்தில் பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கும் கேட்காது. அக்காவுக்குப் பாடிக் காட்டும்போது அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தியே பழகினாள். நிறுத்தினால் அக்கா விரிப்போடு சேர்ந்து ஓரடி முன்னால் வந்து, "அப்புறம்?" என்பதைக் கவனித்தாள். அடுத்த மேடையில் இயந்திரம் இல்லாமலே நிறுத்திப் பார்த்தாள். முன்வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டியது.

இப்படியாக நாற்பத்தோரு வயதில் அவளிடம் இருந்தது தணிந்த, நிதானமான, இடைவெளி விடத் தெரிந்த ஒரு குரல். "அம்மா இப்பதான் மனுஷங்க மாதிரி பாடுது" என்று மகளே சொல்லியிருக்கிறாள். புதுப் பாட்டுகளுக்கு அந்தக் குரல் போதும். 'கதவு மூடுது' மட்டும் பழைய ஆளைக் கேட்டது.

இதில் அவளுக்கே புரியாத ஒன்றும் இருந்தது. அந்த முதல் பாட்டை அண்ணனின் போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேலிருந்த அறையில்தான் பதிவு செய்தார்கள். தாளம் போட்டது, பதிவு செய்தது, கலந்து முடித்தது எல்லாம் அண்ணன். முடிந்த பாட்டை அவள் முதலில் கேட்டது வீட்டில் அல்ல, பேருந்தில், முன்பின் தெரியாத ஒருவரின் போனில். அதற்குள் அது கை மாறி கை மாறி எங்கோ போயிருந்தது. கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு வேகமாகவா பாடினோம்? அண்ணனிடம் கேட்டாள். அவன் திறந்து கிடந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அன்னிக்கு உனக்கு ஒரு வேகம் வந்திருந்துச்சு" என்றான்.

வீட்டில் பாடிப் பார்த்தால் நாக்கு தடுக்கியது. மூன்று மாதத்தில் முதல் மேடை. தன் குரலையே தான் காப்பியடிக்கப் பழக வேண்டியதாயிற்று. சலவைக்கூடத்தில் விரிப்பை மடிக்க மடிக்கப் பாடினாள். அக்கா வரியை எண்ணத் தொடங்கியது அப்போதுதான். நாலு, நாலு, ஐந்து, நாக்கைக் கடித்துக்கொண்டதால் மூன்று, மறுபடி ஐந்து. மேடைக்கு ஆறு நாள் இருக்கும்போது எட்டும் வந்தது. அக்கா விரிப்பைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினாள். துணி அழுக்கானதற்கு மேற்பார்வையாளரிடம் இரண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமையும் அக்கா, "ஆறு," என்றாள்.

வேலை முடிந்து நேராக அண்ணனின் கடைக்குப் போனாள். அவளுடைய எல்லா நிகழ்ச்சிக்கும் ஒலி மேசையில் உட்காருபவன் அவன்தான். அவனிடம் சொல்லிவிட்டு மேலாளருக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தாள். கணவரும் வேனைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து சின்னப் பிரஷ் ஒன்றை எடுத்து ஒரு போனின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பிரஷ் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் அந்தப் பையில் சீப்பு இருந்தது. இப்போது சீப்புக்கு வேலை இல்லை. தலை முழுசாக வழுக்கை.

"அண்ணா, அந்தப் பாட்டு வேண்டாம். நான் மேலாளர்கிட்ட சொல்லிடுறேன். இதோட போதும்னு நினைக்கிறேன்."

"போதும்னா?"

"மேடை. எல்லாம். முடியல. வயசாயிடுச்சு. அந்தப் பொண்ணு இப்ப என்கிட்ட இல்ல."

அண்ணனின் கையில் பிரஷ் நின்றது. அவன் அவளைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான்.

"போன் பண்ணாத. உக்காரு," என்றான். "மாப்பிள்ள, நீங்களும் உக்காருங்க. பக்கத்துல உக்காருங்க. எனக்கும் அவளுக்கும் நடுவுல."

மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினான். உள்ளே பழைய ரெக்கார்டர். பாட்டரி வைக்கும் இடம் துருப்பிடித்திருந்தது. அதிலிருந்து கம்பி இழுத்து மேசை மேலிருந்த ஸ்பீக்கரில் மாட்டினான். முன்பே பலமுறை மாட்டிப் பார்த்த கை என்பது பார்த்தாலே தெரிந்தது.

தாளம் வந்தது. தெரிந்த தாளம்தான். ஆனால் அவசரம் இல்லாமல், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் போடும் தாளம்போல் வந்தது. பிறகு ஒரு பெண் குரல், வட்டமாக, சற்றுத் தணிந்து:

*கதவு மூடுது கைய எடு, கால எடு, பைய எடு,*
*பைக்குள்ள டப்பா, டப்பாக்குள்ள சாப்பாடு, பாத்து நில்லு...*

மூன்றாவது வரி முடிவில் அந்தப் பெண் மூச்சு வாங்கினாள். தெளிவாக, ஒளிவுமறைவில்லாமல் வாங்கினாள். ஆறாவது வரி முடிந்ததும் இன்னொரு தடவை.

"யாருணா இது?" என்றாள் சரவெடி.

"நீதான்."

"நான் இவ்வளவு மெதுவாவா பாடினேன்?"

"நீ சரியாத்தான் பாடின. தப்பு என்னுது." அண்ணன் பிரஷைச் சட்டைப் பைக்குள் செருகினான். "ரெக்கார்டர்ல ஒரு செகண்ட நாப்பத்தி நாலாயிரத்துச் சொச்சம் துண்டா வெட்டி வச்சிருந்துச்சு. கம்ப்யூட்டர்ல நான் நாப்பத்தெட்டாயிரம்னு போட்டுட்டேன். அது ஒரு செகண்டுக்கு அத்தன துண்ட அள்ளி அள்ளிப் போட்டு ஓட்டிடுச்சு. மூணு நிமிஷம் பதினாறு செகண்ட் பாட்டு மூணே நிமிஷத்துல முடிஞ்சுது. குரலும் மேல ஏறிடுச்சு. நான் என்னமோ நல்லா மிக்ஸ் பண்ணிட்டேன்னு நினைச்சேன்."

"மூச்சு?"

"சத்தமா இருக்கேன்னு தொடச்சு விட்டேன். தூசி மாதிரி."

கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். தோள் குலுங்கியது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நாலாவது நாளே. அதுக்குள்ள ஊரு பூரா போயிடுச்சு. உன்கிட்ட சொல்லணும்னு தினமும் நினைப்பேன். நீயோ பாடிப் பாடி ஏறிக்கிட்டே போற. கடைசியில மனச தேத்திக்கிட்டு சொல்ல வந்த அன்னிக்கு, வாசல்லயே நிறுத்தி, எட்டு வரியையும் மூச்சு விடாம பாடிக் காட்டிட்ட. அப்புறம் எங்கேருந்து சொல்றது?"

ஸ்பீக்கரில் அந்தப் பெண் பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் நாற்காலியைக் கதவுப் பக்கம் மெல்ல நகர்த்தினான்.

"மூணு மாசம்ணா!" என்று எழுந்தாள் சரவெடி. கைக்கு அகப்பட்டது போன் உறைகள் இருந்த அட்டைப்பெட்டி. அதாலேயே அவன் முதுகில் நாலு போட்டாள். "நாக்கக் கடிச்சு ரத்தம் வந்துச்சு! விரிப்பக் கீழ போட்டுத் திட்டு வாங்கினேன்! இருபது வருஷமா எவ பின்னாடிணா நான் ஓடிட்டு இருந்தேன்? அப்படி ஒருத்தி பொறக்கவே இல்லையே!"

"நீ புடிச்சிட்டியே அவள," என்றான் அண்ணன், கையால் தலையை மறைத்துக்கொண்டு. "பதினஞ்சு வருஷம் மேடையில நெஜமா ஒரே மூச்சுல பாடினியே. அதுல என் கை ஒண்ணும் இல்ல. அது பூரா நீதான்."

ஐந்தாவது அடி பாதியில் நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக, பிறகு வயிற்றிலிருந்து. பெட்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும், "இன்னொரு தடவ போடு," என்றாள்.

இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் ஐந்தாவது, ஆறாவது வரிகள் காதில் விழுந்தன. அவளே எழுதியவைதான். ஆனால் வேகத்தில் அவை வெறும் படபடப்பாகிப் போய், அவளுக்கே அர்த்தம் மறந்திருந்தது. தலையைத் திருப்பி அண்ணனின் வழுக்கையைப் பார்த்தாள்.

அண்ணனுக்கும் அது உறைத்தது. "அந்த ரெண்டு வரிய மட்டும் கொஞ்சம் மாத்திக்கலாமா?"

"ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

"மச்சான்," என்றார் கணவர், "உண்மையச் சொல்லுங்க. அந்த ரெண்டு வரி யாரு காதுலயும் விழக் கூடாதுன்னுதானே வேகமா ஓட்டினீங்க?"

"என் கடையிலேயே உக்காந்துகிட்டு என்னையே கேக்குறீங்களே மாப்பிள்ள!"

மேலாளருக்குப் போன் போகவில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மேடைக்குப் பின்னால் நிற்கும்போது சரவெடி திரை இடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் கேட்க வந்திருப்பது சீறுகிற குரலை. கிழவி மெதுவாக்கிவிட்டாள் என்று எழுந்து போய்விட்டால்? மற்ற பாட்டுகளெல்லாம் நன்றாகப் போயின. அலமாரிப் பாட்டுக்கு அந்தக் கம்பி 'டிங்'கையும் அண்ணன் ஒலிக்கவிட்டான். கைதட்டினார்கள். எல்லாரும் காத்திருந்தது கடைசிக்குத்தான்.

"கதவு மூடுது" என்று அவள் சொன்னதும் அரங்கம் கத்தியது. பிறகு தாளம் வந்தது. அந்த நிதானமான தாளம். கத்தல் குறைந்தது. யாரோ, "என்னாச்சு?" என்று கேட்டது மேடைவரை கேட்டது. மூன்றாவது வரிசையில் அக்கா விரலை மடக்கி எண்ணத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

எட்டு வரி வரும் இடம் வந்தது. எல்லாரும் பழக்கப்படி மூச்சைப் பிடித்தார்கள். சரவெடி தன் குரலில், தணிந்து, பக்கத்து இருக்கைக்காரியிடம் புலம்புவதுபோல் தொடங்கினாள். மூன்றாவது வரி முடிந்ததும் மைக்கிலேயே, ஊருக்கே கேட்க, மூச்சு வாங்கினாள். அரங்கம் திகைத்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். போகத்தான் எழுந்தாரோ என்னவோ. அவள் கண்ணை அவர்மேல் வைத்து நாலாவது வரியைப் பாடினாள். பிறகு:

*அண்ணன் தலைய சீவி முடிக்க அஞ்சு பஸ்சு போயாச்சு,*
*அழகு ஏறி வர்ற பஸ்சு மட்டும்...*

நிறுத்தினாள். உருளை இயந்திரம் ஒரு 'புஸ்' விடும் நேரம். முன்வரிசை கழுத்தை நீட்டியது.

*...அவன் ஸ்டாப்புல நிக்கலையே.*

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அக்கா. எண்ண மடக்கிய விரல் அப்படியே நிற்க, உடம்பு குலுங்கச் சிரித்தாள். "அடியே, இது உங்கண்ணனா? இத்தன வருஷமா இதையா பாடிட்டு இருந்த? நான் வரியத்தான் எண்ணினேன், வார்த்தைய யாரு கேட்டா!"

அரங்கத்தின் நடுவில், ஒலி மேசையின் விளக்குக்கு நேர் கீழே, அண்ணனின் தலை பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. சரவெடி கையை அந்தப் பக்கம் நீட்டினாள். ஆயிரம் தலை திரும்பியது. இருபது வருஷமாக மனப்பாடம் செய்து கத்திய வரிகளை அவர்கள் அப்போதுதான் கேட்டார்கள். பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. எழுந்து நின்றவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

ஏழாவது வரி வரவேண்டிய நேரத்தில் சரவெடியால் பாட முடியவில்லை. சிரிப்பில் மூச்சு முட்டியது. எட்டாவதும் போயிற்று. தாளம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறையும் ஆறு வரிதான்.

அண்ணன் தாளத்தை நிறுத்தினான். எழுந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னப் பிரஷை எடுத்து, கூட்டத்தைப் பார்த்தபடி, நெற்றியிலிருந்து பிடரிவரை பொறுமையாகத் தலை வாரினான். வகிடுகூட எடுத்தான். அரங்கம் இரைந்தது. மகள் நாற்காலி மேல் ஏறி நின்று, "மாமா! மாமா!" என்று கத்தினாள். வாரி முடித்ததும் பிரஷைப் பைக்குள் போட்டு, உட்கார்ந்து, தாளத்தை முதலிலிருந்து விட்டான்.

சரவெடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைக்கை உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் கொண்டுவந்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு மூச்சு வாங்கினாள்.

"கதவு மூடுது," என்றாள். "கைய எடு."